குறைமாதக் குழந்தைக்குச் சர்க்கரை ஏறினால்: காரணத்தைத் தேடும் வரிசை

"டாக்டர், அந்த 900 கிராம் குழந்தைக்குச் சுகர் 280 காட்டுது."

இரவுப் பணியில் இதைக் கேட்டதும் புதிதாக வந்த மருத்துவர்களில் பலர் டிரிப்பின் வேகத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு அடுத்த குழந்தையின் வார்மருக்கு, அதாவது சூடேற்றும் படுக்கைக்கு, போய்விடுகிறார்கள். சில நாள் அது சரியாகவே அமையும். மற்ற நாட்களில் இரண்டில் ஒன்று நடக்கும். தவறான மாதிரியை நம்பிக் குறைத்ததால் விடியும்போது சர்க்கரை 30-க்கு இறங்கியிருக்கும். அல்லது கிருமித்தொற்றின் முதல் அறிகுறியைச் சர்க்கரைக் கணக்காக எண்ணி ஆறு மணி நேரத்தை இழந்திருப்போம். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் தவிர்த்திருக்கக் கூடியவை.

பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்குமான வழிகாட்டி இது. காரணங்களின் பட்டியல் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மருந்தளவுகளுக்கு உங்கள் பிரிவின் நெறிமுறையே இறுதியானது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கேஸ் ஷீட், கடந்த 24 மணி நேர இன்டேக்–அவுட்புட் தாள், மருந்து தாள், இன்றைய எடை, பிறப்பு எடை, கர்ப்ப வாரம், பிறந்து எத்தனையாவது நாள் என்ற விவரம், ஒரு கால்குலேட்டர். இவற்றை எடுத்துக்கொண்டு குழந்தையின் பக்கத்தில் போய் நில்லுங்கள். மேசையில் உட்கார்ந்தபடி தொலைபேசியில் ஆர்டர் சொல்லிக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பாதி விடை பம்பின் திரையிலும் குழந்தையின் வயிற்றிலும் இருக்கிறது.

எந்த எண்ணை அதிகம் என்கிறோம் என்பதில் எல்லோரும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். முழு ரத்தத்தில் 125 மி.கி./டெ.லி.க்கு மேல், பிளாஸ்மாவில் 150-க்கு மேல் என்பது வழக்கமான வரையறை. பிளாஸ்மா அளவு முழு ரத்தத்தைவிட 10 முதல் 15 சதவீதம் கூடுதலாக இருக்கும். பெரும்பாலான பிரிவுகள் 180 அல்லது 200-ஐத் தாண்டும்போதுதான் நடவடிக்கை எடுக்கின்றன. மில்லிமோலில் எழுதப்பட்ட அறிக்கை வந்தால் 18-ஆல் பெருக்குங்கள்.

2. எண்ணுக்கு முன் குழந்தை: ஒரு நிமிடம்

மீட்டரை மறுபடி எடுப்பதற்குள் குழந்தையை ஒரு முறை முழுதாகப் பாருங்கள். நிறம், அசைவு, மூச்சு நிற்கிறதா, இதயத்துடிப்பு, கேபிலரி ரீஃபில் (தோலை அழுத்தி விட்டால் நிறம் திரும்பும் வேகம்), வயிறு உப்பியிருக்கிறதா, உச்சிக்குழி புடைத்திருக்கிறதா.

இதை முன்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. குழந்தை சோர்ந்தோ சாம்பல் நிறத்திலோ இருந்தால் கீழே உள்ள படிகளை ஒவ்வொன்றாக முடித்துவிட்டுத் தொற்றைப் பற்றி யோசிக்க நேரம் கிடையாது. அப்போது 6-ஆம் படியை இப்போதே தொடங்குங்கள், மற்றவை கூடவே நடக்கட்டும். குழந்தை துறுதுறுவென்று இருந்தால் வரிசைப்படி போகலாம்.

3. அந்த ரத்தம் எங்கிருந்து வந்தது?

சிஸ்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அடுத்த முறை உண்மை வராது.

டெக்ஸ்ட்ரோஸ் என்பது டிரிப்பில் போகும் குளுக்கோஸ். 10% டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 100 மில்லியில் 10 கிராம். அதாவது டெசிலிட்டருக்கு 10,000 மி.கி. எடுத்த மாதிரியில் நூற்றில் இரண்டு பங்கு டிரிப் திரவம் கலந்திருந்தாலே அளவு 200 கூடிவிடும். 90 இருந்த குழந்தை 290 ஆகிவிடுகிறது. இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுக் காட்டிய பிறகு எங்கள் செவிலியர்கள் யாரும் டிரிப் ஓடும் கையில் ரத்தம் எடுத்ததில்லை.

அம்பிலிக்கல் லைனில் (தொப்புள் வழியே போட்ட குழாயில்) எடுத்திருந்தால், குழாயில் தேங்கியிருந்த திரவத்தை முழுதாக இழுத்து ஒதுக்கிய பிறகு மாதிரி எடுத்தார்களா என்று கேளுங்கள். பிளட் கேஸ் (ரத்த வாயுச் சோதனை) அறிக்கை இருந்தால் அதையும் பாருங்கள். சர்க்கரை எகிறியிருக்க, அதே மாதிரியில் சோடியம், பொட்டாசியம், ஹீமோகுளோபின் மூன்றும் சேர்ந்து இறங்கியிருந்தால் ரத்தத்தோடு டிரிப் கலந்திருக்கிறது. கலப்பு மிகச் சிறிதாக இருந்தால் இந்த மூன்றும் அசையாமல் சர்க்கரை மட்டும் ஏறியிருக்கும். ஆகவே அவை சரியாக இருப்பதை வைத்து மாதிரி சுத்தம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

குதிகாலில் குத்தி எடுத்திருந்தால் வேறு சிக்கல்கள். ஃப்ளஷ் (குழாயைக் கழுவிவிடும் திரவம்) போட்ட கையுறையில் ஒட்டியிருந்த டெக்ஸ்ட்ரோஸ், ஸ்பிரிட் காயும் முன்பே குத்தியது, இரண்டுமே பொய்யான உயர்வைக் காட்டக்கூடும். குதிகால் ஜில்லென்று இருந்தாலும் குழந்தை ஷாக்கில் இருந்தாலும் அந்தத் துளியை நம்ப முடியாது.

மீட்டரும் சில சமயம் ஏமாற்றும். ரத்தசோகை இருந்தால் பல மீட்டர்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்; ஹிமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) அதிகமென்றால் குறைத்துக் காட்டும். சோதனைக்கென்றே அடிக்கடி ரத்தம் கொடுத்து வெளுத்துப்போன மூன்றாம் வாரக் குழந்தையிடம் இதை நினைவில் வையுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவின் காலாவதித் தேதியையும், மூடி திறந்தே கிடந்ததா என்பதையும் பாருங்கள்.

செய்ய வேண்டியது: டிரிப் இல்லாத காலை வெதுவெதுப்பாக்கி, துடைத்து, நன்றாக உலரவிட்டு, முதல் துளியைப் பஞ்சால் எடுத்துவிட்டு இரண்டாவது துளியில் பாருங்கள். கூடவே ஒரு மாதிரியை லேபுக்கு அனுப்புங்கள்.

இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. ஃப்ளோரைடு உள்ள சாம்பல் மூடிக் குழாயில் அனுப்பாமல் சாதாரணக் குழாயில் அனுப்பினால், லேபில் காத்திருக்கும் நேரத்தில் சிவப்பணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். மீட்டரில் 240, சில மணி நேரம் கழித்து லேபில் 170 என்று வரும். "மீட்டர்தான் தப்பு" என்று நிம்மதியடைந்துவிடுவார்கள். இங்கே மீட்டர் காட்டியதுதான் சரி.

4. உள்ளே போகும் சர்க்கரை அத்தனையையும் கூட்டுங்கள்

மாதிரி உண்மை என்று தெரிந்த பிறகு அடுத்த கேள்வி, நாம் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது. ஜி.ஐ.ஆர். என்று சொல்லும் அளவு, ஒரு நிமிடத்தில் ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் போகிறது என்பதைக் காட்டுகிறது.

டெக்ஸ்ட்ரோஸ் சதவீதம் × மணிக்கு மில்லி ÷ (6 × எடை கிலோவில்)

வழக்கமாக 4 முதல் 6-க்குள் தொடங்குவோம். மிகச் சிறிய குழந்தைக்கு 8-ஐத் தாண்டினால் கொடுக்கும் அளவே காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

தவறு பெரும்பாலும் சூத்திரத்தில் வருவதில்லை. முதன்மை டிரிப்பை மட்டும் கணக்கில் எடுப்பதால் வருகிறது. மேலே சொன்ன 900 கிராம் குழந்தையையே எடுத்துக்கொள்வோம். 10% டெக்ஸ்ட்ரோஸ் மணிக்கு 4.5 மில்லி: 8.3. கேஸ் ஷீட்டில் இதுதான் எழுதியிருக்கும். ஆனால் டோபமின் (ரத்த அழுத்தத்தைக் கூட்டும் மருந்து) 5% டெக்ஸ்ட்ரோஸில் கலந்து மணிக்கு 0.5 மில்லி ஓடுகிறது: இன்னொரு 0.46. ஆன்டிபயாடிக் நேர்த்த திரவமும் ஃப்ளஷும் நாளைக்கு 8 மில்லி 5% டெக்ஸ்ட்ரோஸ்: 0.3. உண்மையில் போவது 9.1. தாளில் உள்ள 8.3-ஐ நம்பி யோசித்தால் விடை கிடைக்காது.

முதல் சில நாட்களில் 1 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளிடம் திரும்பத் திரும்ப வரும் ஒரு சுழலைத் தனியாகச் சொல்ல வேண்டும். திறந்த வார்மரில் மெல்லிய தோல் வழியே நீர் ஆவியாகிறது, சோடியம் ஏறுகிறது. உடனே டிரிப்பை நாளைக்குக் கிலோவுக்கு 150 மில்லி ஆக்குகிறோம். அதே 10% டெக்ஸ்ட்ரோஸ்தான் ஓடுகிறது, ஜி.ஐ.ஆர். 10.4-க்குப் போய்விடுகிறது. சர்க்கரை ஏறுகிறது, சிறுநீரில் வழிகிறது, அது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது, எடை இறங்குகிறது. "இன்னும் நீர் போதவில்லை" என்று மறுபடி கூட்டுகிறோம். அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்டது தண்ணீர். அதே 150 மில்லியை 5% டெக்ஸ்ட்ரோஸாகக் கொடுத்திருந்தால் ஜி.ஐ.ஆர். 5.2தான். சிறுநீர் மணிக்குக் கிலோவுக்கு 4–5 மில்லிக்கு மேல் போய்க்கொண்டே எடையும் இறங்கினால் இந்தச் சுழலைச் சந்தேகியுங்கள்.

5. பம்ப், பாட்டில், கலவை

கணக்கு சரியாக இருந்தும் சர்க்கரை ஏறியிருந்தால், எழுதியதுதான் ஓடுகிறதா என்று பாருங்கள்.

பம்பின் திரையில் 4.5-க்குப் பதில் 5.4 இருக்கலாம். எண் சரியாக இருந்தாலும், 50 மில்லி சிரிஞ்சை மாட்டிவிட்டு 20 மில்லி என்று தேர்வு செய்திருந்தால் போகும் அளவு மாறிவிடும். திரையை நம்பாமல் சிரிஞ்சைப் பாருங்கள்: எத்தனை மணிக்கு நிரப்பினோம், இப்போது எவ்வளவு மீதி இருக்கிறது என்று கழித்தாலே தெரிந்துவிடும்.

கலவைக்கு வருவோம். 75 மில்லி 5% டெக்ஸ்ட்ரோஸில் 25 மில்லி 25% டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்தால் 10% கிடைக்கும். அவசரத்தில் 25%-க்குப் பதில் 50% பாட்டிலை எடுத்துவிட்டால் 16% தாண்டிவிடும், மணிக்கு 4.5 மில்லி ஓடும் நம் குழந்தைக்கு ஜி.ஐ.ஆர். 13.5. இன்னொன்று, ஐசோலைட் பி-யில் ஏற்கெனவே 5% டெக்ஸ்ட்ரோஸ் இருக்கிறது. அதை வெறும் உப்புத் திரவம் என்று எண்ணி 60 மில்லியில் 40 மில்லி 25% டெக்ஸ்ட்ரோஸ் சேர்ப்பவர்களை ஒவ்வொரு ஆண்டும் புதிய அணியில் பார்க்கிறேன். அது 10% ஆகாது, 13%. புதிய சிரிஞ்ச் மாற்றிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை ஏறியிருந்தால், காரணம் தேடி வேறெங்கும் போகும் முன் அந்தச் சிரிஞ்சைக் கழற்றிப் புதிதாகக் கலந்து மாட்டுங்கள்.

லிப்பிட் (ரத்தக் குழாய் வழியே கொடுக்கும் கொழுப்புத் திரவம்) ஓடினால் அது எத்தனை மணி நேரத்தில் போகிறது என்பதைப் பாருங்கள். கிலோவுக்கு 3 கிராமை 24 மணி நேரத்தில் கொடுத்தால் மணிக்கு 0.125 கிராம். அதையே 8 மணி நேரத்தில் முடித்தால் 0.375, மணிக்கு 0.25-ஐத் தாண்டும்போது சர்க்கரையும் ஏறக்கூடும்.

பால் பவுடர் குடிக்கும் குழந்தையென்றால் யார் கலந்தார்கள், எத்தனை ஸ்பூனுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டுவிடுங்கள்.

6. எதுவும் மாறாமல் சர்க்கரை மட்டும் மாறியதா? தொற்று

இந்த ஒரு படியை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாட்களாக அதே ஜி.ஐ.ஆர்., அதே பால், சர்க்கரை 90–110. இன்று திடீரென்று 220. மாதிரி சுத்தம், பம்ப் சரி. இந்தக் குழந்தைக்கு வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை தொற்றுதான்.

காரணம் எளிது. உடல் தாக்கப்படும்போது அட்ரினலின், கார்ட்டிசால், குளூகான் ஏறுகின்றன. கல்லீரல் சர்க்கரையை வெளியே தள்ளுகிறது, தசைகள் இன்சுலினுக்கு இணங்க மறுக்கின்றன. காய்ச்சலோ சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை) உயர்வோ வருவதற்கு முன்பே இது நடந்துவிடலாம். குறைமாதக் குழந்தைக்குக் காய்ச்சலே வராமலும் போகலாம்.

முழுப் பால் குடித்துக்கொண்டிருந்த 29 வாரக் குழந்தை ஒன்று, பதினான்காம் நாள், சர்க்கரை 240. டிரிப்பே இல்லை. "மீட்டர் தப்பாகக் காட்டுகிறது, காலையில் லேபில் பார்க்கலாம்" என்று இரவில் குறித்து வைத்திருந்தார்கள். விடியும்போது மூச்சு நின்று நின்று வந்தது, வயிறு பானைபோல் இருந்தது. டிரிப் இல்லாத குழந்தைக்குச் சர்க்கரை ஏறுவது டிரிப் உள்ள குழந்தைக்கு ஏறுவதைவிடக் கவலைக்குரியது. அன்றிலிருந்து இதைச் சொல்லாமல் நான் எந்தப் புதிய அணிக்கும் வகுப்பு எடுத்ததில்லை.

செய்ய வேண்டியது: ஆன்டிபயாடிக் போடும் முன் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது), ரத்த எண்ணிக்கை, பிளேட்லெட், சி.ஆர்.பி., பிளட் கேஸ். நிலைமை இடம் கொடுத்தால் முதுகுத்தண்டு நீர். வயிறு உப்பி, பச்சையாக வாந்தி வந்தால், அல்லது மலத்தில் ரத்தம் இருந்தால் வயிற்று எக்ஸ்ரே எடுத்துக் குடல் அழற்சியைத் தேடுங்கள். 1 கிலோவுக்குக் குறைந்த எடை, பெரிய ரத்தக் குழாயில் போட்ட சென்ட்ரல் லைன், பல நாள் ஆன்டிபயாடிக், பிளேட்லெட் சரிவு நான்கும் சேர்ந்திருந்தால் கேண்டிடா பூஞ்சையை நினையுங்கள். நம் பிரிவுகளில் கிளெப்சியெல்லா, அசினிடோபாக்டர் என்ற பாக்டீரியாக்கள் அதிகம். எந்த ஆன்டிபயாடிக் என்பதை உங்கள் பிரிவின் கல்ச்சர் வரலாற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தொற்று தவிர உடலை உலுக்கும் வேறு சிலவும் இதே படத்தைக் காட்டும். முதல் மூன்று நாட்களில் ஹீமோகுளோபின் இறங்கி உச்சிக்குழி புடைத்தால் தலைக்கு அல்ட்ராசவுண்ட். மூச்சு திடீரென்று மோசமானால் நிமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது). அறுவை முடிந்து வந்த குழந்தையென்றால் வலி.

7. மருந்து தாள்

டெக்சாமெத்தசோன், ஹைட்ரோகார்ட்டிசோன், அட்ரினலின், டோபமின், அமினோஃபிலின், ஃபெனிட்டோயின், டயசாக்சைடு. இவற்றில் எதையாவது கடந்த 48 மணி நேரத்தில் தொடங்கினோமா, அளவைக் கூட்டினோமா என்று தேதியோடு பாருங்கள். பெயர் தாளில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. சர்க்கரை ஏறிய நேரமும் மருந்து தொடங்கிய நேரமும் ஒத்துப்போக வேண்டும்.

மூச்சைத் தூண்டக் கொடுக்கும் காஃபின் சரியான அளவில் பெரிய சிக்கல் தருவதில்லை. ஆனால் சர்க்கரை உயர்வோடு இதயத்துடிப்பும் ஏறி, கைகால் நடுங்கினால், தசமப்புள்ளி இடம் மாறிப் பத்து மடங்கு போய்விட்டதா என்று சரிபாருங்கள்.

8. "குறைமாதம், அதனால்தான்" என்று எப்போது எழுதலாம்?

மேலே உள்ளவை எல்லாம் இல்லை என்று ஆன பிறகுதான். குறைமாதக் குழந்தையின் கல்லீரல் வெளியிலிருந்து சர்க்கரை வந்தாலும் தன் உற்பத்தியை முழுதாக நிறுத்துவதில்லை. கணையம் புரோஇன்சுலினை (இன்சுலினின் முன்வடிவத்தை) இன்சுலினாக மாற்றுவதில் பின்தங்குகிறது. சர்க்கரையை வாங்கிக்கொள்ளத் தசையும் கொழுப்பும் போதுமான அளவு இல்லை. 1 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு முதல் வாரத்தில் இது சாதாரணமாகவே வருகிறது. 1.5 கிலோவுக்கு மேற்பட்ட, இரண்டு வாரம் கடந்த குழந்தைக்கு இந்தக் காரணத்தை எழுத நான் அனுமதிப்பதில்லை.

இதை உறுதி செய்யும் வழி, குறைத்துப் பார்ப்பது. ஜி.ஐ.ஆரை ஒவ்வொரு முறையும் 1–2 வீதம், சில மணி இடைவெளியில் இறக்கி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சர்க்கரையைப் பாருங்கள். இறங்கினால் கொடுத்த அளவும் குறைமாதமும்தான் காரணம். 4-க்கு வந்தும் இறங்காவிட்டால் 6-ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள், மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.

இந்தப் படியில் மூன்று தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. டிரிப்பைச் சட்டென்று நிறுத்திவிடுவது: சர்க்கரை எதிர்ப்பக்கம் விழும். 5%-க்கும் கீழான டெக்ஸ்ட்ரோஸை வெறும் தண்ணீரில் கலந்து கொடுப்பது: சிவப்பணுக்கள் உடையும். அமினோ அமிலத்தையும் தாய்ப்பால் துளிகளையும் சேர்த்து நிறுத்திவிடுவது: இவை இரண்டும் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர உதவுபவை.

இன்சுலின் போட்டுப் பார்த்துக் காரணத்தை அறிய முயல வேண்டாம். மிகக் குறைந்த எடைக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே தடுப்பாக இன்சுலின் கொடுத்துப் பார்த்த பன்னாட்டு ஆய்வு 2008-இல் வெளியானது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிய குழந்தைகள் இன்சுலின் பெற்ற பக்கத்தில்தான் அதிகம். அந்த ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

9. கணையத்தைச் சந்தேகிப்பது கடைசியில்

பிறவி நீரிழிவு அரிது. ஒரு லட்சத்திலிருந்து நான்கு லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வருகிறது. ஜி.ஐ.ஆர். குறைவாக இருந்தும், தொற்று இல்லை என்று தெரிந்தும், இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகும் சர்க்கரை இறங்கவில்லை, அல்லது இன்சுலினை ஒரு வாரம் பத்து நாளுக்கு மேல் நிறுத்த முடியவில்லை என்றால் இதைத் தேடுங்கள். வாரத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் பிறந்திருந்தால் சந்தேகம் கூடும், ஏனென்றால் கருவில் இன்சுலின்தான் வளர்ச்சியை நடத்துகிறது. நாக்கு பெரிதாகவும் தொப்புள் பிதுங்கியும் இருந்தால் 6-ஆம் குரோமோசோம் சார்ந்த தற்காலிக வகையாக இருக்கலாம்.

பெற்றோரிடம் "சொந்தத்தில் கல்யாணமா?" என்று கேளுங்கள். உறவில் மணம் செய்த குடும்பங்களில் வேறு சில மரபணுக் காரணங்கள் முன்னுக்கு வருகின்றன. அவர்களைக் குறை சொல்வதுபோல் அந்தக் கேள்வி ஒலிக்கக் கூடாது. அந்தத் தாய் ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் தன்னையே நொந்துகொண்டிருப்பார்.

சர்க்கரை உயர்ந்திருக்கும் அதே நேரத்தில் சி-பெப்டைடு, இன்சுலின் அளவுகளுக்கு ரத்தம் எடுங்கள். இன்சுலின் தொடங்கும் முன் எடுப்பது முக்கியம். தொடங்கிவிட்டால் இன்சுலின் அளவுக்குப் பொருளில்லை, சி-பெப்டைடு மட்டுமே குழந்தை தானே சுரப்பதைக் காட்டும். கணையம் இருக்கிறதா என்று ஒரு அல்ட்ராசவுண்ட். பிறகு குழந்தை, தாய், தந்தை மூவரின் ரத்தமும் மரபணுச் சோதனைக்கு. சென்னையில் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இந்தத் துறையில் வேலை செய்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் ஆய்வகம் பல நாடுகளிலிருந்தும் மாதிரிகளைப் பெற்றுப் பார்க்கிறது.

இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கே.சி.என்.ஜே.11, ஏ.பி.சி.சி.8 என்ற இரு மரபணுக்களில் மாற்றம் இருக்கும் குழந்தைகளில் பலரை ஊசியிலிருந்து கிளிபென்கிளமைடு மாத்திரைக்கு மாற்ற முடியும். வீட்டுக்குப் போகும் நாளில் அந்தத் தாயின் கையில் சிரிஞ்சைக் கொடுப்பதா, மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கக் கற்றுத் தருவதா என்பது அந்த அறிக்கையைப் பொறுத்தது.